கையால் செதுக்கிய ஸ்டாம்ப் சரியாக விழவில்லையா? உளியை எடுக்கும் முன் இதைப் பாருங்கள்

ஸ்டாம்ப் சரியாக விழவில்லை என்றதும் கை தானாக உளியை நோக்கிப் போகும். இன்னும் கொஞ்சம் செதுக்கினால் சரியாகிவிடும் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ‘அன்புடன்’ என்று ஒரு ஸ்டாம்ப் செதுக்கினேன். கடைசி ‘ன்’ மங்கலாக விழுகிறதே என்று அதைச் சுற்றி இன்னும் ஆழமாக வெட்டினேன். அப்போதும் மங்கல். இன்னும் வெட்டினேன். முடிவில் அந்த எழுத்தே போய்விட்டது. அப்புறம்தான் பார்த்தேன்: மேசையில் இரண்டு பலகை சேரும் இடுக்குக்கு மேலேயே தாளை வைத்து வைத்துக் குத்திக்கொண்டிருந்திருக்கிறேன். எழுத்தில் ஒரு குறையும் இல்லை.

மையைத் துடைக்கலாம், தாளை மாற்றலாம், ஒட்டியதைப் பிரித்து மறுபடி ஒட்டலாம். வெட்டிய ரப்பர் மட்டும் திரும்பி வராது. அதனால் கீழே எந்தக் கோளாறைத் தேடி வந்திருந்தாலும் வரிசை ஒன்றுதான். முதலில் தாளும் அதன் அடியில் இருப்பதும். அப்புறம் மை. அப்புறம் கை. அப்புறம் ரப்பரை ஒட்டியிருக்கும் பிடிக்கட்டை. இத்தனையும் பார்த்த பிறகு உளி.

இங்கே பேசுவது வெள்ளை அழிரப்பரிலோ, செதுக்குவதற்கென்றே வரும் மென்மையான ரப்பர் பலகையிலோ கையால் செதுக்கும் ஸ்டாம்ப்பைப் பற்றி. கருவி பெரிதாக ஒன்றுமில்லை: வி வாய் உளி, யு வாய் உளி, ஒரு கூரான கத்தி.

## முதலில் ஒரு சோதனை, ஐந்து நிமிடம்தான்

ஸ்டாம்ப்பின் முதுகில் மேல்பக்கம் எது என்று பேனாவால் ஒரு அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள். வழவழப்பான சாதாரண வெள்ளைத் தாள் ஒன்று, அதன் அடியில் ஒரு மெல்லிய பழைய பத்திரிகை. மை தொட்டு ஒரு முறை குத்துங்கள். மறுபடி மை தொடாமலே பக்கத்தில் இன்னொன்று, அதன் பக்கத்தில் இன்னொன்று. பிறகு மை தொட்டு, ஸ்டாம்ப்பை அரைவட்டம் திருப்பி, அம்புக்குறி உங்களைப் பார்க்கும்படி வைத்து நான்காவது பதிவு.

முதல் பதிவைவிட இரண்டாவதோ மூன்றாவதோ சுத்தமாக இருந்தால் மை அதிகம். அவ்வளவுதான், ஸ்டாம்ப்பில் கோளாறு இல்லை.

மங்கலான இடம் ஒன்று இருக்கிறது என்றால் நான்காவது பதிவைப் பாருங்கள். ஸ்டாம்ப்பைத் திருப்பியதும் மங்கலும் அதோடு சேர்ந்து திரும்பிவிட்டதா, அதாவது மறுபடி அதே எழுத்துதான் மங்கலா? அப்படியானால் காரணம் ஸ்டாம்ப்பிலோ, கட்டையிலோ, மை தொட்ட விதத்திலோ இருக்கிறது. ஸ்டாம்ப் திரும்பியும் மங்கல் உங்கள் வலதுகைப் பக்கமே நிற்கிறதா? அப்போது காரணம் உங்கள் கை, இல்லாவிட்டால் மேசை.

மை தொட்ட விதம்தானா என்பதற்குத் தனியாக ஒரு வழி உண்டு. மை தொட்ட உடனே ரப்பர் முகத்தை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஈரப் பளபளப்பு எல்லாக் கோட்டிலும் ஒரே சீராக ஓட வேண்டும். பளபளப்பு இல்லாத இடத்தில் மையே ஏறவில்லை. மையே ஏறாத இடம் எவ்வளவு அழுத்தினாலும் பதியாது.

## எழுத்து இடவலம் மாறி விழுகிறது

எல்லோரும் ஒரு முறையாவது செய்கிற தப்பு. பூ, இலை, பறவை என்று செதுக்கும்வரை தெரியாது. எழுத்துக்கு வந்ததும் மாட்டிக்கொள்வோம். ‘ஃ’, ‘ப’ மாதிரி இரண்டொரு எழுத்துதான் திருப்பினாலும் தப்பிக்கும். ‘ட’ உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

ரப்பரின் மேல் கண்ணாடியில் தெரிவது மாதிரி எழுத்து இருந்தால்தான் தாளில் நேராக விழும். நேரே ரப்பரில் எழுதினால் தப்பு. கார்பன் தாளை நடுவில் வைத்து மேலிருந்து கோட்டை ஓட்டினாலும் தப்பு, ஏனென்றால் கார்பன் எழுத்தைத் திருப்பாது. டிரேசிங் பேப்பரில் மென்மையான பென்சிலால் நேராக எழுதி, எழுதிய பக்கத்தை ரப்பரின் மேல் கவிழ்த்துத் தேய்ப்பதுதான் வழி. கவிழ்க்கும்போதே எழுத்து தானாகத் திரும்பிவிடும்.

கணினியில் வடிவமைப்பவர்களுக்கு இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது. ஸ்டாம்ப் என்றால் திருப்ப வேண்டுமே என்று திரையிலேயே திருப்பி அச்செடுத்து, பிறகு அந்தத் தாளைக் கவிழ்த்து ரப்பரில் இறக்குவார்கள். இரண்டு முறை திருப்பினால் திருப்பாததற்குச் சமம்.

உளி படுவதற்கு முன் ரப்பரை ஒரு கண்ணாடி முன்னால் பிடியுங்கள். கண்ணாடியில் நேராகப் படிக்க முடிந்தால் செதுக்கலாம். செதுக்கி முடித்த பிறகுதான் தெரிந்தது என்றால் அந்தப் பக்கத்துக்குப் பரிகாரம் கிடையாது. ரப்பரைத் திருப்பிப் போட்டு அடுத்த பக்கத்தில் ஆரம்பியுங்கள், அழிரப்பருக்கு இரண்டு முகம் இருப்பது ஒரு வசதி.

## படம் ரப்பரில் இறங்கவில்லை, இறங்கினாலும் செதுக்கும்போது அழிகிறது

பென்சில் எச்பியாக இருந்தால் கரி போதாது. 2பி, 4பி மாதிரி மென்மையான பென்சில் எடுங்கள். ரப்பரின் மேல் பொடி இருந்தால் முதலில் ஈரத்துணியால் துடைத்துக் காய விடுங்கள். டிரேசிங் பேப்பர் நகராமல் இரு ஓரம் டேப் ஒட்டி, ஸ்பூனின் முதுகால் தேயுங்கள். ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பார்த்து, வெளிறியிருந்தால் அப்படியே இறக்கி மறுபடி தேயுங்கள். முழுதாக எடுத்துவிட்டால் அதே இடத்தில் திரும்ப வைக்க முடியாது.

அசிட்டோன் கலந்த நெயில் பாலிஷ் ரிமூவரால் படத்தை இறக்குவது இன்னொரு முறை. அது லேசர் பிரிண்டர் அச்சுக்கும் ஜெராக்ஸ் பிரதிக்கும் மட்டும்தான். அந்தக் கருப்பு, டோனர் என்ற பிளாஸ்டிக் பொடி. அசிட்டோன் பட்டதும் இளகி ரப்பரில் ஒட்டிக்கொள்கிறது. இங்க்ஜெட் அச்சில் டோனரே கிடையாது என்பதால் எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை. டோனர் இறங்காமல் கருப்பாக இழுபட்டுவிட்டது, ரப்பரும் பிசுபிசுவென்று ஆகிவிட்டது என்றால் அசிட்டோன் அதிகம். பஞ்சை நனைத்துப் பிழிந்த பிறகு தாளின் முதுகில் ஒற்றினால் போதும். அசிட்டோன் வெள்ளை ரப்பரையும் கரைக்கும். எளிதில் தீப்பிடிக்கும் பொருளும்கூட, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, அடுப்பிலிருந்து தள்ளி உட்காருங்கள்.

இறக்கிய கோட்டைக் கையே அழித்துவிடும். வலதுகைப் பழக்கம் உள்ளவர் இடது மேல் மூலையில் ஆரம்பித்துக் கீழே வந்தால் பாதித் தொல்லை குறையும். மீதிக்கு, கையின் கீழ் ஒரு துண்டுத் தாள்.

ஒரு சின்ன உபாயம். செதுக்க ஆரம்பிக்கும் முன் ரப்பர் முகம் முழுவதும் வெளிர் நிற மையை லேசாக ஒற்றிக் காய விட்டு, அதன் மேல் படத்தை இறக்குங்கள். உளி போன இடமெல்லாம் வெள்ளையாகத் தெரியும். எது மேடு, எது பள்ளம் என்ற குழப்பம் இருக்காது. எழுத்தின் உள்பக்கத்தை மேடு என்று நினைத்து விட்டுவைப்பதும், கோட்டையே வெட்டிவிடுவதும் இதில் பெரும்பாலும் நின்றுபோகும்.

## கோடு நொறுங்குகிறது, புள்ளி உதிர்கிறது

இங்கே கொஞ்சம் நேரம் செலவழிக்கலாம். தமிழ் எழுத்தைச் செதுக்குகிறவர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி.

முதலில் ரப்பரைச் சோதியுங்கள். ஓரத்தில் ஒரு மெல்லிய சீவல் எடுங்கள். நூடுல்ஸ் இழை மாதிரி நீளமாக, அறாமல் சுருண்டு வந்தால் ரப்பர் நல்லது, உளியும் கூர்மை. துண்டு துண்டாகப் பொடிந்தால் அந்தப் பொடியை விரலில் தேய்த்துப் பாருங்கள். மணல் மாதிரி நறநறத்தால் அது பேனா மையை அழிக்கிற ரப்பர். உள்ளே உராய்வுத் துகள் இருக்கும், செதுக்க ஆகாது. நறநறப்பு இல்லாமல் பொடிந்தால் ரப்பர் பழையதாகி இறுகியிருக்கலாம், அல்லது உளி மழுங்கியிருக்கலாம். உளியை மாற்றி அதே இடத்தில் இன்னொரு சீவல் எடுத்தால் எது என்று தெரிந்துவிடும். மழுங்கிய உளி வெட்டாது, கிழிக்கும். அதைத் தள்ள அதிக பலம் கொடுப்போம். பலம் கொடுக்கும்போது வழுக்கினால் எதிரே இருப்பது மற்றொரு கை. பிடிக்கும் கை எப்போதும் உளியின் முதுகுப்பக்கம் இருக்கட்டும்.

ரப்பரும் உளியும் சரி, ஆனாலும் கோடு உடைகிறது என்றால் வெட்டிய கோணம் தப்பு. கோட்டைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் அது மணல்மேடு மாதிரி இருக்க வேண்டும்: மேலே ஒடுங்கி, அடியில் அகன்று. நாம் பல நேரம் கோட்டின் அடியைக் குடைந்துவிடுகிறோம். அப்போது அது காளான் மாதிரி நிற்கும், தலை பெரிதாக, தண்டு மெலிதாக. செதுக்கி முடித்ததும் அழகாகவே இருக்கும். பத்துப் பதிவுக்குள் சாயும், இருபதுக்குள் கழன்றுவிடும்.

கத்தியால் வெட்டும்போது பிடி கோட்டின் மேல் சாய்ந்திருக்க வேண்டும், முனை கோட்டை விட்டு வெளியே போக வேண்டும். முதல் நாளில் இது தலைகீழாகவே வரும். எழுதும் பேனாவைப் பிடிக்கிற பழக்கத்தில் நம் கை கத்தியை நேர் எதிராகச் சாய்க்கிறது. வி வாய் உளியில் இந்தத் தொல்லை குறைவு. அது நிமிர்ந்து இருந்தாலே இரு பக்கமும் சரிவு கிடைத்துவிடும். அதைத் தாழ்வாக, ஏறக்குறைய 30 டிகிரியில் பிடித்துத் தள்ளுங்கள். வளைவு வந்தால் உளியைத் திருப்பாதீர்கள். உளி பிடித்த கை நின்ற இடத்தில் நிற்கட்டும், மற்ற கை ரப்பரைச் சுழற்றட்டும். ‘அ’வின் சுழியை ஒரே வெட்டில் முடிக்க இதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியாது.

ஆழம் 2 மில்லிமீட்டர் போதும். எழுத்தைச் சுற்றி அதற்கு மேல் இறங்கினால் சுவர் உயர்ந்துகொண்டே போய்த் தள்ளாடும். வெற்றிடம் பெரிதாக இருந்தால் அங்கே மட்டும் 3 மில்லிமீட்டர்.

இனி புள்ளி. மெய்யெழுத்தின் தலையில் நிற்கும் அந்தக் கடுகளவு உருண்டை எதோடும் சேராமல் தனியாக நிற்கிறது. சுற்றிலும் கத்தியைச் செங்குத்தாக இறக்கி வெட்டினால் அது ஒரு தூண். ஈரத்துணியால் மையைத் துடைக்கும்போது துணியோடு வந்துவிடும். என் ‘அன்புடன்’ இரண்டு புள்ளிகளில் ஒன்றை அப்படித்தான் இழந்தது. சீவல்கள் சிதறிக் கிடந்த மேசையில் எது புள்ளி, எது குப்பை என்று அரைமணி நேரம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கிடைக்கவில்லை.

இப்போது புள்ளியைக் கொஞ்சம் பெரிதாகவே வரைகிறேன், எழுத்தின் தலையிலிருந்து ஒரு மில்லிமீட்டர்தான் இடைவெளி விடுகிறேன். அந்த இடைவெளியில் வி வாய் உளியால் ஆழமில்லாமல் ஒரே கோடு. புள்ளியும் எழுத்தும் அடியில் ஒரே மேட்டில் நிற்கும், மேலே மட்டும் பிரிந்திருக்கும். மற்ற பக்கங்களில் நல்ல சரிவு. இப்படிச் செய்த எதுவும் இதுவரை உதிரவில்லை.

ஏற்கெனவே உதிர்ந்துவிட்டதா? மீந்த ரப்பரிலிருந்து ஒரு துண்டு நறுக்கி, குண்டூசி முனையில் சூப்பர் க்ளூ எடுத்து ஒட்டுங்கள். பசை மேல்முகத்துக்கு வரக் கூடாது, காய்ந்த பசை மையை ஏற்காது. துண்டு மற்ற எழுத்துகளைவிட உயரமாக நின்றால், மெல்லிய உப்புத்தாளை மேசையில் விரித்து ஸ்டாம்ப்பைக் கவிழ்த்து இரண்டு சுற்று தேயுங்கள். இத்தனை மெனக்கெட முடியாதா, புள்ளியைப் பேனாவால் வையுங்கள். யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

ஒரு எழுத்தே போய்விட்டால் அதை மட்டும் சதுரமாக அறுத்து எடுத்துவிட்டு, தனியாக ஒன்று செதுக்கி அந்தக் குழியில் பொருத்தலாம். ரப்பர் ஒரே கனமாக இருக்க வேண்டும், அதனால் அதே பலகையின் மீதித் துண்டை எப்போதும் எறியாமல் வைத்திருங்கள்.

## மை முத்து முத்தாக நிற்கிறது

புது ரப்பரில் இது சகஜம். முகத்தில் எண்ணெய்ப் பசை இருக்கும், செதுக்கும்போது நம் விரல் ஈரமும் சேரும். பதிவில் வெள்ளைப் புள்ளிகள் அங்கங்கே தெரியும். சோப்புத் தண்ணீரில் பழைய டூத் பிரஷ்ஷால் மெதுவாகக் கழுவிக் காய வையுங்கள். போகவில்லை என்றால் 400 அல்லது 600 எண் உப்புத்தாளில் லேசாக ஒரு தேய். முகத்தின் பளபளப்பு மறைந்து மங்கினால் போதும், மை சீராகப் பிடித்துக்கொள்ளும். முதல் சில பதிவுகள் சாம்பல் கலந்து அழுக்காக விழுந்தால் அது மீந்த பென்சில் கரி, அதற்கும் இதே கழுவல்தான்.

## ஒரு பக்கம் மங்கல், அல்லது நடுவில் வெள்ளை

சோதனையில் காரணம் கை என்று தெரிந்திருந்தால்: உட்கார்ந்தபடி குத்தாமல் எழுந்து நில்லுங்கள். தோள் ஸ்டாம்ப்புக்கு நேர் மேலே வந்தால் அழுத்தம் செங்குத்தாக இறங்கும். உட்கார்ந்து குத்தினால் நம்மை அறியாமல் அருகிலிருக்கும் ஓரத்தை அதிகம் அழுத்துகிறோம். ஸ்டாம்ப்பை முன்னும் பின்னும் ஆட்டுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், ஓரமெல்லாம் இரட்டையாக விழும்.

பெரிய ஸ்டாம்ப்பில் நடுவில் மட்டும் வெள்ளை என்றால், பெரும்பாலும் மை தொட்டதில்தான் பிழை. உள்ளங்கை அளவு ஸ்டாம்ப்பைச் சிறிய ஸ்டாம்ப் பேடில் அழுத்தினால் நடுவுக்கு மை எட்டாது. அதைக் கவிழ்த்துச் செய்யுங்கள்: ஸ்டாம்ப் முகம் மேலே பார்க்க மேசையில் கிடக்கட்டும், பேடைக் கையில் எடுத்து அதன் மேல் தட்டித் தட்டி ஒற்றுங்கள். பதிப்பதையும் அப்படியே செய்யலாம். மை தொட்ட ஸ்டாம்ப்பின் மேல் தாளைப் போட்டு விரலால் நீவினால், அழுத்தம் நம் விரல் போகும் இடத்துக்கெல்லாம் போகும்.

கட்டைக் கோளாறு என்றால், ஸ்டாம்ப்பை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்து மூலைகளை ஒவ்வொன்றாக அழுத்துங்கள். டக் டக்கென்று ஆடினால் கட்டை வளைந்திருக்கிறது, அல்லது ரப்பரின் அடியில் பசை ஓரிடத்தில் திரண்டிருக்கிறது. ரப்பருக்கும் கட்டைக்கும் நடுவில் 2, 3 மில்லிமீட்டர் ஃபோம் ஷீட் ஒரு அடுக்கு கொடுத்தால் சின்ன மேடுபள்ளத்தை அது வாங்கிக்கொள்ளும். கட்டை ரப்பரைவிட அகலமாகவும் இருக்கட்டும். ஓரம் கட்டையைத் தாண்டித் தொங்கினால் அந்த ஓரத்துக்கு அழுத்தமே போகாது.

## எழுத்து தடித்து, சுழியெல்லாம் அடைத்துவிட்டது

மூன்று சுழி ‘ண’வும் இரண்டு சுழி ‘ன’வும் ஒரே மாதிரி விழுந்தால் வாசிப்பவர் பாடு திண்டாட்டம். காரணத்தைக் கண்டுபிடிக்கப் பதிவை மொபைல் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். தூரத்திலிருந்து எல்லாம் ஒரே தடிப்பாகத்தான் தெரியும். கிட்டே போனால் கோட்டின் ஓரம் விஷயத்தைச் சொல்லிவிடும்.

ஓரத்திலிருந்து மயிரிழைகள் கிளம்பிக் கம்பளிப்பூச்சி மாதிரி இருந்தால் தாள்தான் காரணம். தண்ணீர் மை தாளின் நார்வழியே ஓடியிருக்கிறது. தாளை மாற்றுங்கள், அல்லது பிக்மென்ட் மைக்கு, அதாவது நிறப்பொடி கலந்த மைக்கு மாறுங்கள். அது கெட்டியானது, தாளின் மேலேயே நிற்கும்.

கோட்டின் நடு வெளிறி, ஓரத்தில் மட்டும் கருப்புக் கரை கட்டியிருந்தால் அழுத்தம் அதிகம். ரப்பர் மேலிருந்து மை பிதுங்கி இரு பக்கமும் வழிந்திருக்கிறது. மென்மையான ரப்பருக்கு நம் உடல் எடை தேவையே இல்லை, உள்ளங்கை எடையே போதும்.

கோடு இரண்டாகத் தெரிந்தால் ஸ்டாம்ப் நகர்ந்திருக்கிறது. பெரும்பாலும் குத்தும்போது நகராது, எடுக்கும்போதுதான் நகரும். ஒரு கையால் தாளைப் பிடித்துக்கொண்டு நேர்மேலே தூக்குங்கள்.

ஓரம் வழவழவென்று சுத்தமாக, ஆனால் கோடு மட்டும் வரைந்ததைவிடத் தடிப்பாக இருந்தால் மை அதிகம், பேடில் ஆழமாக அழுத்தியிருக்கிறீர்கள். ஸ்பாஞ்சு மாதிரி மென்மையான பேடாக இருந்தால் ரப்பர் உள்ளே அமிழ்ந்து கோட்டின் சுவரிலும் மை ஏறும். தொட்டும் தொடாமலும் நாலைந்து முறை தட்டுங்கள்.

இந்த நான்கும் இல்லை, சுழி மட்டும் விடாமல் அடைக்கிறது என்றால் அப்போது உளியை எடுக்கலாம். சுழிக்குள் இருக்கும் பள்ளம் ஆழமில்லை. அதற்கு முன் குண்டூசியால் உள்ளே கிளறிப் பாருங்கள், காய்ந்த மையும் சீவல் தூளும் அடைத்திருக்கலாம். அக்ரிலிக் பெயின்ட்டால் குத்துகிறவர்களுக்கு இது நிச்சயம் நேரும். குத்தி முடித்த கையோடு கழுவாவிட்டால் அது குழிக்குள் பிளாஸ்டிக்காக உறைந்துவிடும். இனி செதுக்கப்போவதற்கு ஒரு யோசனை: 1 சென்டிமீட்டருக்குக் குறைந்த உயரத்தில் ‘ண’, ‘ஞ’, ‘ஐ’ எல்லாம் வேண்டாம். கையால் செதுக்கும்போது சுழிக்குள் உளி நுழைய இடம் வேண்டுமே.

## வெட்டிய இடமும் சேர்ந்து பதிகிறது

எழுத்தைச் சுற்றிக் கீற்றுக் கீற்றாக மை விழும். யு வாய் உளி போன தடங்களுக்கு நடுவில் எஞ்சும் வரப்புகள் அவை. எனக்குப் பிடிக்கும், கையால் செய்தது என்று காட்டிக்கொள்ளும் அடையாளம். பிடிக்காதவர்கள் முதலில் வெளி ஓரத்து ரப்பரை எழுத்தை ஒட்டி அறுத்து எறியுங்கள், மூலைகளையும் சேர்த்து. முக்கால்வாசிக் கீற்று அதோடு போய்விடும். மீதி இருப்பதில் எந்த வரப்பு பதிகிறது என்று மை பட்ட இடமே காட்டும், அதை மட்டும் சீவுங்கள். அவசரத்துக்கு, மை தொட்டதும் ஈரமான பஞ்சுக் குச்சியால் அந்த இடத்தைத் துடைத்துவிட்டுக் குத்தலாம்.

## மை காயவில்லை, துணியில் நிற்கவில்லை

பளபளப்பான தாளில் பிக்மென்ட் மை காயாது. தாள் உறிஞ்சினால்தானே காயும். கண்ணாடி, பிளாஸ்டிக், உலோகத்துக்குக் கரைப்பான் கலந்த நிரந்தர மை வேண்டும். துணிக்குத் துணி மை, குத்திக் காய்ந்த பிறகு நீராவி இல்லாமல் இஸ்திரிப் பெட்டியால் சூடேற்ற வேண்டும். சாதாரண ஸ்டாம்ப் மை முதல் சலவையிலேயே போகும். பேட் காய்ந்துவிட்டது என்று அதில் தண்ணீர் ஊற்றினால் நிறம் வெளிறும், எழுத்தும் ஊறிப் பரவும். அந்தப் பேடுக்கு உரிய மையைத்தான் ஊற்ற வேண்டும்.

## ஒளியில் இறுகும் பிசினில் செய்தது பிசுபிசுக்கிறது

செதுக்காமல், புற ஊதா ஒளியில் இறுகும் திரவப் பிசினை நெகட்டிவ் (எழுத்து மட்டும் ஒளி புகும்படி விட்டு, மற்றதெல்லாம் கருப்பான ஃபிலிம்) வழியாக ஒளியில் காட்டி ஸ்டாம்ப் செய்கிறவர்களுக்கு ஒரு பத்தி. கழுவும்போது மெல்லிய கோடுகளும் சேர்ந்து போய்விட்டால் ஒளி போதவில்லை. சுழிகள் அடைத்துக்கொண்டால் ஒளி அதிகம், அல்லது நெகட்டிவின் கருப்பு போதிய கருப்பாக இல்லாமல் ஒளி கசிகிறது. எல்லாம் சரியாக வந்தும் மேல்முகம் ஒட்டிக்கொண்டே இருந்தால் காரணம் காற்று. காற்றிலுள்ள ஆக்சிஜன் பிசினின் மேற்பரப்பை இறுக விடாது. ஸ்டாம்ப்பைத் தண்ணீரில் மூழ்க வைத்து இன்னொரு முறை ஒளியில் காட்டினால் பிசுபிசுப்பு போகும்.

## கட்டையிலிருந்து கழன்றது, பெட்டியோடு ஒட்டிக்கொண்டது

இரண்டுக்கும் காரணம் ஒன்றே. பென்சில் எழுத்தை இந்தப் பொருள் அழிக்கிறது என்று 1770இல் ஜோசப் பிரீஸ்ட்லி குறிப்பு எழுதிய காலத்து ரப்பர், மரத்துப் பால். இன்று நாம் செதுக்கும் வெள்ளை அழிரப்பரில் பெரும்பாலும் அது கிடையாது. அது பிவிசி, அதாவது குழாய் செய்கிற அதே பிளாஸ்டிக். எண்ணெய் மாதிரியான ஒரு மென்மையாக்கியைச் சேர்த்து இளக வைத்திருக்கிறார்கள். அந்த எண்ணெய் உள்ளே சும்மா இருக்காது, மெல்ல மெல்ல வெளியே வரும். டபுள் சைடு டேப்பின் பசையை இளக்கும். பிளாஸ்டிக் பெட்டியைத் தொட்டுக்கொண்டிருந்தால் பெட்டியையே உருக்கி அதோடு ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்து ஜியாமெட்ரி பாக்ஸில் அழிரப்பர் ஸ்கேலோடு ஒட்டிக் கிடந்தது ஞாபகம் இருக்கிறதா, அதுதான் இது.

கழன்ற ஸ்டாம்ப்பின் முதுகையும் கட்டையையும் பழைய பசை போகத் துடைத்து, முதுகை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி மறுபடி ஒட்டுங்கள். சில மாதங்களில் திரும்பவும் கழலலாம். அதனால் நான் இப்போதெல்லாம் கனமான ரப்பராக எடுத்து, கட்டையே இல்லாமல் கையால் பிடித்துக் குத்துகிறேன்.

இதே காரணத்தால் மையைத் துடைக்க அசிட்டோன் வேண்டாம், ஸ்பிரிட்டும் வேண்டாம். அவை மென்மையாக்கியையும் இழுத்துக்கொண்டு போகும், ரப்பர் இறுகிவிடும். ஈரத்துணியும் சோப்பும் போதும். கறை நிற்கும், நிற்கட்டும், அடுத்த பதிவில் அது விழாது. லேசர் வெட்டும் இயந்திரம் கையில் கிடைத்தவர்கள் அழிரப்பரை அதில் வைத்துப் பார்க்க ஆசைப்படுவார்கள். கூடவே கூடாது. பிவிசி கருகும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், அது நுரையீரலையும் கெடுக்கும், இயந்திரத்தையும் அரிக்கும். லேசருக்கென்று தனி ரப்பர் இருக்கிறது.

வைத்திருப்பதற்கு: ஒவ்வொரு ஸ்டாம்ப்பையும் தனித்தனியாக வெள்ளைத் தாளில் சுற்றி, அட்டைப் பெட்டியில், வெயில் படாத இடத்தில். முகத்தோடு முகம் படும்படி இரண்டை அடுக்காதீர்கள். சுற்றிய தாளின் மேலேயே ஒரு பதிவு குத்தி வைத்தால், எது எந்த ஸ்டாம்ப் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்காது.